பட்டியலில் இல்லாத பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளுக்குப் புற்றுநோய் சிகிச்சைக் கருவிகள் வருவதைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள், செலவழிக்கட்டும். அப்படியொரு கருவிக்குக் கீழே படுத்து எழுந்தவன்தான் நானும். ஆனால் நான் எழுத வந்தது சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஒரு பையைப் பற்றி.

திருபுவனத்தில் பட்டு நெசவு செய்பவன் நான். 2022-இல் எனக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அதற்கு முன்னால் வெகுநாள் மூலம் என்றே மருந்து கொடுத்து வந்தார்கள். மலத்தில் ரத்தம் போனால் மூலம்தான் என்று முடிவு கட்டும் பலகைகளுக்கு எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் பஞ்சமில்லை. கட்டி ஆசனவாயை ஒட்டியே இருந்ததால், கதிர்வீச்சு கொடுத்துச் சுருக்கிய பிறகும் ஆசனவாயோடு சேர்த்துத்தான் எடுக்க முடிந்தது. பெருங்குடலின் முனையை இடப்பக்க அடிவயிற்றில் துளை போட்டு வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். இனி ஆயுள் முழுக்க மலம் அந்த வழியாகத்தான் வரும். அங்கே இறுக்கிப் பிடிக்கத் தசை கிடையாது. எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது நம் கையில் இல்லை. அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் பையைத்தான் சொல்கிறேன்.

காலையில் காபி குடித்துக்கொண்டே படிக்கிற விஷயமா இது என்று வாசகர்களில் சிலருக்குத் தோன்றலாம். ஒருநாள் மட்டும் காபியைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். பேசக் கூச்சப்பட்டே நாம் எல்லோருமாகச் சேர்ந்து இதை மூடி வைத்திருக்கிறோம்.

மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உயிரோடு உட்கார்ந்து எழுதுகிறேன். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை முடிந்தது. நிலத்தை விற்கவில்லை, தறியை விற்கவில்லை. இந்த மாநிலத்தில் ஒரு கூலி நெசவாளனுக்கு இப்படியொரு சிகிச்சை கிடைத்ததைப் பெருமையாகவே சொல்வேன். என் புகாரெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கிய நிமிடத்துக்குப் பிறகு தொடங்குவது.

ஊருக்கு அனுப்பும்போது இரண்டு பை கொடுத்தார்கள். எப்படி மாற்றுவது என்று ஒரு சிஸ்டர் நின்றவாக்கில் என் மனைவிக்குக் காட்டினார். அடுத்த கட்டிலில் டிரிப்ஸ் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர்தான் என்ன செய்வார். "தீர்ந்துபோனா மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கும்பகோணத்தில் கடை கடையாக ஏறி இறங்கினாள் என் மகள். பாதிக் கடைகளில் மூத்திரப் பையை எடுத்து நீட்டினார்கள். ஒரு கடையில் சரியான பை இருந்தது, ஆனால் அளவு வேறு. இதில் இரண்டு பாகம் உண்டு. தோலில் ஒட்டும் தட்டு ஒன்று, அதில் மாட்டும் பை ஒன்று. இரண்டின் வளையமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு கம்பெனித் தட்டில் இன்னொரு கம்பெனிப் பை மாட்டாது. எங்களுக்குக் கொடுத்தது எந்த அளவு, எந்த வகை என்று சீட்டில் எழுதித் தந்திருந்தாலாவது அந்தப் பிள்ளை வெயிலில் அலைந்திருக்க மாட்டாள். கடைசியில் தஞ்சாவூரில் ஒருவர், முன்பணம் கட்டினால் வரவழைத்துத் தருகிறேன் என்றார். இப்போதும் அவர்தான் பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறார்.

தட்டை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கெல்லாம் மார்கழி, தை மாதத்துக்கு. சித்திரை வெயிலில் வியர்த்து ஊற்றும்போது இரண்டு நாள் நின்றால் பெரிய விஷயம். மாதத்துக்கு 2,000 ரூபாய்க்கு மேல், சில மாதம் 3,000 வரை எனக்குச் செலவானது. நானும் மனைவியும் மாறி மாறி உட்கார்ந்து ஒரு சேலையை நெய்து அறுக்க இரண்டு வாரம் ஆகும். அந்தக் கூலியை வாங்கி வந்து, அரிசிக்கு முன்னால் பைக்கு எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

எடுத்து வைக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது மறுபரிசோதனை வரிசையில் நின்றால் தெரியும். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயக் கூலி, பாலிதீன் கவரை வயிற்றில் வைத்து, மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார். சுற்றிலும் தோல் வெந்து சிவந்து கிடந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார் என்று சொல்லிச் சிரித்தார். சோறு குறைத்தால் மலம் குறையும் என்று ஒருவேளைதான் சாப்பிடுகிறாராம். நோய் திரும்பவில்லை, நன்றாக இருக்கிறார் என்று அவர் சீட்டில் எழுதியிருந்தது. ஆள் எலும்பும் தோலுமாக நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு விஷயம் சொல்லித் தந்ததும் அந்த வரிசைதான். என்னைவிடப் பல வருஷம் முன்னாலேயே பை வைத்துக்கொண்ட, பூ கட்டி விற்கும் ஒரு அம்மா. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒழுகுதா?" என்று நேராகக் கேட்டார். வராந்தா மூலையில் தன் முந்தானையை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பாடம் தொடங்கினார். அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் குடல்வாய், அதாவது வயிற்றில் வெளியே தைத்த குடல் முனை, வீங்கியிருக்கும், பிறகு சுருங்கிக்கொண்டே வரும். அதனால் தட்டில் வெட்டும் ஓட்டையின் அளவையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். பழைய காலண்டர் தாளில் அளவு எடுத்து வைத்துக்கொண்டு, அதைத் தட்டின்மேல் வைத்து வரைந்து வெட்டச் சொன்னார். குடல்வாய்க்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒரு நெல் அகலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. "பெருசா வெட்டுனீங்கன்னா அது தோலத்தான் திங்கும்ணே." ஒட்டுவதற்கு முன்னால் தேங்காயெண்ணெய், முகப்பவுடர், சோப்பின் வழவழப்பு எதுவும் தோலில் இருக்கக் கூடாது. ஒட்டிய பிறகு உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்தால் உடம்புச் சூட்டுக்கு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். இல்லையென்றால் கனத்தில் தட்டையே பெயர்த்துவிடும். துடைக்கும்போது இரண்டு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தால் பதற வேண்டாம். அந்தச் சதைக்கு வலி தெரியாது. வெங்காயம், முட்டைக்கோஸ், மொச்சை சாப்பிட்ட அன்று காற்று அதிகம் சேரும். முட்டை சாப்பிட்டால் வாடை கூடும். மோர் குடித்தால் கொஞ்சம் அடங்கும்.

நான் சட்டையை இழுத்து மூடிக்கொண்டே நின்றதைப் பார்த்து, "வெக்கப்பட்டா ஒழுகாம இருக்குமாண்ணே?" என்றார். எந்த ஊர் மனநல ஆலோசகரும் எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

ரயில் சலுகையும் வரிசையில் கேட்டுத் தெரிந்துகொண்டதே. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். எனக்கு இது தெரியவந்தபோது கீமோவெல்லாம் முடிந்திருந்தது. அதுவரை வட்டிக்கு வாங்கிய காசில் டிக்கெட் எடுத்தோம்.

தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால், நெய்த துணி சுற்றிக்கொள்ளும் படமரம் அடிவயிற்றுக்கு எதிரே வரும். அச்சை இழுத்து அடிக்கும்போதெல்லாம் முன்னால் சாய வேண்டும். சாய்ந்தால் வயிறு மரத்தில் படும். சிறு வயதிலிருந்தே பழகிப்போனதால் அப்படிப் படுவது எனக்கே தெரியாது. என் வயிற்றில் துளை போட்ட இடம், சரியாக அந்த மரம் படும் இடம். உடம்பு தேறி முதன்முதலாகத் தறியில் உட்கார்ந்தபோது அரை முழம் நெய்வதற்குள் தட்டு பெயர்ந்துவிட்டது. தறியில் இருந்தது யாருடைய கல்யாணத்துக்கோ போகவேண்டிய பட்டு, சரிகை போட்டது. நல்லவேளை, வேட்டியோடு நின்றது. பாவு நூலில் பட்டிருந்தால் சேலையும் போய், நெசவாளர் சொசைட்டியில் பேரும் போயிருக்கும்.

அதன்பிறகு மனைவி தறியில் உட்கார, நான் ஊடை நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் தார் சுற்றுவது பெண்களும் வயதானவர்களும் செய்கிற வேலை. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டுதான் சுற்றினேன். ஒருநாள் ஊர்த் தச்சர் வேறு வேலையாக வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, உட்காரும் பலகையை உயர்த்திப் பார்க்கலாமே என்றார். உயர்த்தினோம். மிதிக்குக் கால் எட்டவில்லை. மிதியையும் உயர்த்தினோம். விழுதுக் கயிறுகளை எல்லாம் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. இப்போது படமரம் தொடைப் பக்கமாக வருகிறது. அரை நாள் உட்கார முடிகிறது. என் மறுவாழ்வுச் சிகிச்சையைச் செய்தவர் அந்தத் தச்சர்தான். கூலிகூட வாங்கிக்கொள்ளவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் மருத்துவமனையில் என் தொழிலைக் கேட்டார்கள். விண்ணப்பத்தில் "கூலி" என்று எழுதிக்கொண்டார்கள், அத்துடன் சரி. நோயாளியை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்து, வேட்டியோ பாவாடையோ எங்கே கட்டுகிறார், சதை எங்கே மடிகிறது, என்ன வேலை செய்கிறார் என்று பார்த்து, துளை போட வேண்டிய இடத்தை முன்கூட்டியே பேனாவால் குறித்து வைப்பது ஒரு முறை என்று பிற்பாடுதான் அறிந்தேன். எனக்கு இரண்டு விரற்கடை மேலே வைத்திருக்க முடியுமா, முடியாதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; அது எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இந்த இடம் குறிப்பதிலிருந்து பை மாற்றக் கற்றுத் தருவது வரை செய்வதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதற்குப் பயிற்சியும் தருகிறார்கள். இந்த வேலையைத் தொடங்கி வைத்தவரே ஒரு நோயாளிதான் என்று என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் க்ளீவ்லாந்து என்ற ஊரில் நார்மா கில் என்றொரு பெண்மணி. குடல் நோயால் அவருக்கே வயிற்றில் பை வைக்கப்பட்டிருந்தது. மற்ற நோயாளிகளுக்குச் சொல்லித் தருவதற்காக 1958-இல் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டவர் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர். எங்கள் பூக்காரம்மா அதே வேலையைச் சம்பளமில்லாமல், முந்தானை மறைப்பில் செய்துகொண்டிருக்கிறார்.

பயிற்சி பெற்ற ஒரே ஒரு ஆளால் எவ்வளவு மாறும் என்பதற்கு என் பைச் செலவே சாட்சி. வேறொரு ஊரில், இதில் தேர்ந்த ஒரு செவிலியரைப் பார்க்க வாய்த்தது. என் சீட்டுகளைப் பார்த்து, மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு, தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவும் முறையைப் பக்கத்தில் இருந்து பழக்கினார். உடம்புச் சூட்டில் முக்கால் லிட்டர் சுத்தமான வெந்நீரை, கூம்பு முனை வைத்த குழாய் வழியாக மெல்ல உள்ளே விட்டு வெளியேற்ற வேண்டும். முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதன்பிறகு ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட, ஒன்றும் வருவதில்லை. சிறிய மூடி ஒன்றை ஒட்டிக்கொண்டால் போதும். விடியற்காலையில் இதை முடித்துவிட்டால் நாள் முழுக்க மனிதனாக நடமாடலாம். பைச் செலவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தானாக இறங்கிவிட வேண்டாம். பெருங்குடலின் இடப்பக்க முனையை வெளியே எடுத்தவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் பொருந்தும். சிறுகுடலை வெளியே எடுத்தவர்கள் செய்யவே கூடாது. கீமோ நடக்கும்போதும் கூடாது. மருத்துவர் சரி என்று சொல்லி, தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டிய காரியம் இது. அப்படிப் பழக்க ஆள் இல்லை என்பதுதானே என் முறையீடே.

இப்போது அரசாங்கத்திடம் வருகிறேன். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்த மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் தெருவுக்கும் வருகிறது. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த சுகாதாரத் தன்னார்வலர் என் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மாதம் தவறாமல் கொண்டுவந்து கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். பக்கவாதம் வந்தவருக்கு பிசியோதெரபி செய்ய ஆள் வருகிறார். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்குப் பைகளும் இந்தத் திட்டத்தில் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் விருது 2024-இல் இதற்குக் கிடைத்தபோது எங்கள் தன்னார்வலர் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன்.

அவரிடம் ஒருமுறை என் பையைப் பற்றிக் கேட்டேன். தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "சுகர் இருக்காண்ணே? பிரஷர்?" இல்லை என்றேன். "அப்ப எங்க லிஸ்ட்ல உங்களுக்கு ஒண்ணும் வராதேண்ணே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். செவிலியரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டார். அவர் வருவது படுக்கையில் கிடப்பவர்களுக்கு. நான் நடமாடுகிறவன்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அறுவை சிகிச்சைப் பட்டியலில் நான் முடிந்துபோன கேஸ். வலி தணித்துப் பார்த்துக்கொள்ளும் நோய்த்தணிப்புப் பட்டியலில் சேர இன்னும் படுக்கையில் விழவில்லை. நடுவில் நிற்கிற எங்களை யார் பட்டியலிலும் காணோம். பைக்காரர்கள் மட்டுமல்ல. மார்பில் அறுவை செய்துகொண்ட பெண்களுக்குக் கை வீங்கி, ரவிக்கைக்குள் நுழையாமல் போகிறது. இறுக்கிப் பிடிக்கும் உறையும் முறையான பயிற்சியும் வேண்டும். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள் தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்யாவிட்டால் தாடை இறுகி, ஒரு விரல்கூட உள்ளே போகாது. குரல்வளையை எடுத்தவர்கள் பேசுவதற்கு வழி வேண்டும். இவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள், நடமாடுகிறவர்கள், ரேஷன் கடையில் உங்கள் பக்கத்தில் நிற்பவர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டயாலிசிஸ் பையை வீட்டுக்குக் கொண்டுவரத் தெரிந்த திட்டத்துக்கு இந்தப் பையையும் கொண்டுவரத் தெரியும். மாத்திரை அட்டையோடு ஒரு தட்டும் நாலு பையும் தன்னார்வலரின் பையில் ஏற வேண்டும், அவ்வளவுதான். வலிக்கான மார்ஃபின் மாத்திரை நோயாளிக்கு எளிதாகக் கிடைக்க 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் நாடாளுமன்றம் திருத்த வேண்டியிருந்தது. பைக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஒரு அரசாணை போதும்.

அடுத்தது, புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்யும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்குப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர். அவரை வேறு வார்டுக்கு மாற்றாமல் அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, வந்ததும் பிரசவ வார்டில் போடுவது நம் ஊர் வழக்கம். பூக்காரம்மாவைப் போன்றவர்களை வாரம் ஒருநாள் வார்டுக்குள் அழைத்து, பஸ் செலவும் ஒருநாள் கூலியும் கொடுத்துப் புதிய நோயாளிகளுடன் உட்கார வைக்கலாம். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தொடங்கிய வலி நிவாரண முயற்சி ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்தே வளர்ந்தது. 2008-இல் அந்த மாநிலம் அதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது; இன்று பஞ்சாயத்துகள் செவிலியரை வீட்டுக்கு அனுப்புகின்றன. நம்மிடம் தொண்டர்களுக்குப் பஞ்சமா? கூப்பிட ஆளில்லை.

கழிப்பறையையும் சொல்லிவிடுகிறேன். பையைக் காலி செய்ய எனக்கு வேண்டியது இரண்டு. வேட்டியையும் துணிப்பையையும் மாட்ட ஒரு ஆணி, இடுப்பு உயரத்தில் தண்ணீர். நான் போன எந்த அரசு மருத்துவமனைக் கழிப்பறையிலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. கதவில் தாழ்ப்பாள் இருந்தால் ஆணி இல்லை. ஆணி இருந்தால் குழாய் தரையை ஒட்டி இருக்கிறது. வேட்டி முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையில் பையையும் மறு கையில் மக்கையும் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளை எந்தப் பொறியாளரும் மனதில் வைத்து வரைபடம் போட்டதாகத் தெரியவில்லை. புற்றுநோய் வார்டு இருக்கும் மாடியிலாவது ஒரு கழிப்பறையை இப்படி அமைக்கலாம்.

கோயிலுக்குப் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் ஊர் சரபேஸ்வரரை ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் கும்பிட எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்; நான் நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு வெகுநாள் போகாமலே இருந்தேன். உறவுக்காரர் ஒருவர் ஆசாரம் பேசினார். வயிற்றுக்குள் மலம் இல்லாமல் யாரய்யா சந்நிதிக்குள் வருகிறார்கள்? எல்லோருக்கும் உள்ளே இருப்பது எனக்கு அரை அங்குலம் வெளியே இருக்கிறது. இப்போது போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவத்துக்கு வேரே இந்த நோய்தான் என்பதையும் ஆட்சியாளர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் இறந்தது மலக்குடல் புற்றுநோயால். அவருக்கும் முதலில் சீதபேதி என்றுதான் மருந்து கொடுத்தார்களாம். கூடப்பிறந்தவள் கண்ணெதிரே போனதைத் தாங்காமல் அந்த அம்மையார் முப்பது வருஷம் போராடித்தான் 1954-இல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தங்கையை அன்று காப்பாற்ற முடியவில்லை, என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு பை கேட்கிறேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கூச்சம் ஒன்றும் மிச்சமில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; விஷயம் காதில் விழுந்து பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் உண்டு. கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் பை வைத்தவர்கள் யாராவது உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், தயங்காமல் என் முகவரியைக் கொடுங்கள். தட்டு வெட்டும் முறையைக் காட்டித் தருகிறேன். நெசவாளராக இருந்தால் தச்சரையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
பட்டு நெசவாளர் ஒருவர்,
திருபுவனம், தஞ்சாவூர் மாவட்டம்.